தளத்துக்கு வேற, டெஸ்டுக்கு வேற

இடது விலாவுக்குக் கீழே யாரோ ஒரு சிமெண்ட் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்துவிட்ட மாதிரி இருந்தது மேஸ்திரிக்கு. அங்கே கையைக் கொடுத்து அழுத்திக்கொண்டேதான் பாயை விட்டு எழுந்தான். பொண்டாட்டி பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு, "வாயு" என்றான். நோயாளியும் அவனே, வைத்தியனும் அவனே.

அவள் தட்டில் சோறு போட்டு, பருப்பை ஊற்றி, அவித்த முட்டை ஒன்றை உடைத்து வைத்தாள். காங்கிரீட் போடுகிற நாளில் வெறும் வயிற்றோடு ஏணி ஏறக் கூடாது. நாலு வாய் தின்றான். முட்டையில் பாதியைத் தள்ளி வைத்தான்.

"போதும். நெறைஞ்சுடுச்சு."

"நாலு வாய்ல நெறையுற வயிறா உங்களுது? பானையை வழிச்சுட்டு அடுப்பையும் ஒரு பார்வை பார்க்கிற ஆளு."

"வயசாகுதுல்ல."

"வயித்துக்கு மட்டும் தனியா வயசாகுதோ?"

வேறொரு நாளாக இருந்தால் அவள் இதை இத்தோடு விட்டிருக்க மாட்டாள். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அவன் கொண்டுவந்து நீட்டிய ரத்த ரிப்போர்ட் நல்லபடியாக இருந்தது. இரண்டு வருஷமாக இந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துப் பார்த்து, மோனோசைட் என்கிற வரி எங்கே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். போன தடவை பதினெட்டு. அதற்கு முந்தின தடவை பதினாலு. இந்தத் தடவை ஆறு. அந்த ஆறைப் பார்த்துவிட்டு ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்கியிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரி நாள்" என்றாள், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. ரத்த நோய்க்கான டாக்டரம்மா வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மத்தியானத்தோடு கிளம்பிவிடுவார்.

"ரிப்போர்ட்தான் நல்லாயிருக்கே. நல்லாயிருக்கேன்னு சொல்றதுக்கு எதுக்கு நாலு மணி நேரம் வரிசையில நிக்கணும்? இன்னைக்குத் தளம். மேற்கால வானம் வேற கறுத்துக்கிட்டு வருது. மேஸ்திரி இல்லாமத் தளம் போட்டா அது தளமா இருக்காது, அடையா இருக்கும்."

அவளும் சரி என்றுவிட்டாள். அதை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதெல்லாம் இங்கே எழுதுகிற மாதிரியான வார்த்தைகள் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு முகம் எப்போது பார்த்தாலும் குடித்தவன் மாதிரிச் சிவந்து கிடக்கும். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்புப் பிடுங்கும். சிமெண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு பேரும் முடிவுகட்டி, சோப்பை மாற்றினார்கள், எண்ணெயை மாற்றினார்கள், கடைசியில் குளிப்பதையே அவன் குறைத்துக்கொண்டான். அரிப்புக் குறையவில்லை, நாற்றம்தான் கூடியது. தலைசுற்றி ஏணியிலிருந்து சரிந்த அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகிவிட்டது, இது ரத்தப் புற்றுநோயில் மெதுவாக நடக்கிற வகை, பல வருஷம் இதோடு வாழலாம் என்றார் டாக்டரம்மா. பாலிசைத்தீமியா என்று பெயர் சொன்னார். உடம்பிலிருந்து பை பையாக ரத்தத்தை எடுத்தார்கள். தினமும் ஒரு காப்ஸ்யூல்.

"பாலியாமே. பொம்பளை பேரு மாதிரி இருக்கு. என்னத்தைப் பெருசா பண்ணிடப் போகுது?" என்றான் பஸ்ஸில் வரும்போது.

"பொம்பளை என்ன பண்ணுவான்னு உங்களுக்கு இன்னும் தெரியல" என்றாள் அவள்.

வேலைத்தலத்தில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். சீக்குக்காரன் என்று தெரிந்தால் காண்ட்ராக்டர் வேலையாள் கூட்டத்தையே வேறொருவன் கையில் கொடுத்துவிடுவான். தம்பிக்கு மட்டும் தெரியும். தம்பியைக் கூட்டத்தில் எல்லாரும் சின்னவன் என்பார்கள். அண்ணன் சொன்னால் கொதிக்கிற தாரிலும் கால் வைப்பான். வைத்துவிட்டு ஏன் சுடுகிறது என்றும் கேட்பான்.

போன தடவை போனபோதுதான் டாக்டரம்மா அந்த மோனோசைட் வரியில் பேனாவை வைத்துத் தட்டினார்.

"இது வெள்ளை அணுவுல ஒரு வகை. கிருமி, செத்த செல், குப்பை எல்லாத்தையும் தின்னு சுத்தம் பண்றது இதோட வேலை. காய்ச்சல், காசநோய் மாதிரி ஏதாவது வந்தா ஏறும். சரியானதும் இறங்கிடும். உங்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லைன்னு பார்த்தாச்சு. ஆனாலும் ஏறுது."

"ஆள் கூட வந்தா வேலை சீக்கிரம் முடியும். நல்லதுதானே டாக்டரம்மா?" என்றான் மேஸ்திரி.

"வேலை இருந்து ஆள் வந்தா நல்லது. வேலையே இல்லாத இடத்துக்கு லாரி லாரியா ஆள் வந்து எறங்கினா என்ன அர்த்தம்?"

மேஸ்திரி தாடையைச் சொறிந்தான். "அனுப்புறவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"அதேதான். அனுப்புற இடம் உங்க எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை. ஏற்கெனவே ரத்தத்துல நோய் இருக்கிறவங்களுக்கு இந்த அணு ஏறி, மூணு மாசத்துக்கு மேல ஏறினபடியே நின்னா, நோய் தன் பாதையை மாத்துதான்னு பார்க்கணும். மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். ஆனா பார்க்காம விடக் கூடாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் குடுத்துட்டு வாங்க. அப்பவும் இறங்கலைன்னா இடுப்பு எலும்புல ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துடலாம்."

மஜ்ஜை என்றதும் மேஸ்திரியின் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். பன்னிரண்டு அடி உயரத்தில் ஒற்றைப் பலகையில் நடக்கிறவன். ஊசி என்றால் மட்டும் சுவரைப் பார்ப்பான்.

இதெல்லாம் அந்த ஆறோடு முடிந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் அவள் அன்றைக்கு சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

முதல் மாடிக்கான தளம். பலகை அடித்து, கம்பி கட்டி, இரண்டு நாளாகத் தண்ணீர் தெளித்துத் தயாராகக் கிடந்தது. கீழே மிக்சர் மெஷின். மணல், ஜல்லி, சிமெண்ட் என்று அதன் வாயில் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது சுற்றித் துப்புவதைச் சட்டியில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றிச் சாரத்தின் வழியாக மேலே ஏற்ற வேண்டும். மேலே மேஸ்திரி மட்டப்பலகையோடு நிற்பான். சின்னவன் வைப்ரேட்டரின் குழாயைக் காங்கிரீட்டுக்குள் விட்டு உதறவைத்துக்கொண்டே வருவான். சாரம் திரும்புகிற மூலையில் அவள். அந்த இடத்தில் நிற்கிறவள் கீழிருந்து வரும் சட்டியை இடுப்பைத் திருப்பி வாங்கி, மறுபக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து வருஷமாக அது அவள் இடம். இந்த வேலையில் இடுப்பு தேய்வது தெரியாது. தேய்ந்த பிறகுதான் தெரியும்.

தளத்தை ஆரம்பித்துவிட்டால் முடிக்காமல் இறங்க முடியாது. பழைய காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே புதியது அதோடு சேர வேண்டும். நடுவில் நின்றால் இரண்டும் ஒட்டாது. அந்தக் கோட்டில்தான் பிற்பாடு தண்ணீர் இறங்கும், விரிசல் விடும். அதனால் சாப்பாடுகூட முறை வைத்துத்தான். ஒன்றுக்குப் போகிறவள்கூடத் தன் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டுத்தான் போவாள்.

"ஏ, கீழ என்ன தூக்கமா? சட்டி வரலை!" மேலேயிருந்து மேஸ்திரி.

"உன் மெஷின் பல்லு போன கிழவன் மாதிரி மெல்லுது, நாங்க என்ன பண்றது?" என்றாள் பெரியக்கா. கூட்டத்தில் மூத்தவள். சட்டி அள்ளிப் போடுகிற இடத்தில் நிற்பவள். மேஸ்திரியை நீ, வா, போ என்று பேசுகிற ஒரே ஆள்.

"மெஷினைச் சொன்னா எனக்குக் கோவம் வரும்" என்றான் மெஷின்காரன்.

"வரட்டும். கோவத்துலயாவது வேகமா சுத்து."

சிரித்துக்கொண்டே கை மாறியது. வெயில் ஒரு பக்கம் சுட்டது, மேற்கே மேகம் ஒரு பக்கம் ஏறியது. அந்தப் புழுக்கத்தில் வியர்வை வழியவும் இல்லை, காயவும் இல்லை. ஈரச் சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்று ஓட்டை போட்டிருந்த இடங்களில் எரிந்தது.

நடுவில் கியூப் எடுக்கிற நேரம் வந்தது. போடுகிற காங்கிரீட்டில் கொஞ்சத்தை எடுத்து இரும்புப் பெட்டியில் நிரப்பி, கெட்டியானதும் அதை அழுத்திப் பார்ப்பார்கள். எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று பார்த்துத்தான் தளம் நல்லதா கெட்டதா என்று எழுதுவார்கள். கூட்டத்தில் வழக்கம் என்னவென்றால், கியூபுக்கென்று ஒரு சட்டியைத் தனியாகக் கலப்பது. சிமெண்ட் இரண்டு கை கூட, தண்ணீர் ஒரு கை குறைய. குத்திக் குத்தி நிரப்பினால் அது பாறை மாதிரி நிற்கும். இன்ஜினியருக்கும் இது தெரியும். அந்த நேரம் பார்த்து அவருக்கு போன் வரும்.

"தளத்துக்கு வேற, டெஸ்டுக்கு வேற" என்பது மேஸ்திரி புது ஆள்களுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம். தளத்திலும் குறை வைக்க மாட்டான், அது வேறு விஷயம். டெஸ்ட் என்கிற ஒன்றின் மேல்தான் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

அந்தத் தனிச் சட்டியை இறக்கி வாங்க சின்னவன் வைப்ரேட்டரை அணைத்துவிட்டு மூலைக்கு வந்தான். அத்தனை புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தான் மாட்டியிருந்தான். சிமெண்ட் பட்டுக் கை கனத்துப்போனதால் அவளிடமிருந்து தண்ணீரை வாங்கி ஊற்றிக்கொண்டு சட்டையை மேலே ஏற்றினான். முழங்கை மடிப்பில் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போன ஒரு வட்டம். நடுவில் புள்ளி. சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பிசின் அழுக்கு.

"என்னடா இது?"

"கொசு, அண்ணி."

"கொசு பிளாஸ்திரி ஒட்டிட்டுப் போச்சா?"

சின்னவன் சட்டையை இறக்கினான். அவன் பொய் சொல்லும்போது காது சிவக்கும். சிவந்தது.

"ரத்தம் குடுத்தியா? யாருக்கு?"

"அண்ணி, சட்டி காய்ஞ்சுடும், விடுங்க."

"முந்தாநேத்து உங்க அண்ணனும் நீயும் சேர்ந்துதானே லேபுக்குப் போனீங்க?"

அவன் தனிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவள் பார்வை அவன் காதிலிருந்து அவன் கையிலிருந்த தனிச் சட்டிக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது. லேபில் ஆளைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் கேட்கிறார்கள். அண்ணன் பெயரைச் சொல்லித் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சிமெண்ட் கூட, தண்ணீர் குறைய.

"ஆறு வந்தது உனக்காடா?"

"அண்ணன்தான் அண்ணி... இந்தத் தளம் முடியட்டும்னு சொன்னாரு. அடுத்த வாரம் நெஜமா குடுத்துக்கறேன்னாரு. எனக்கு வேற வழி தெரியல."

"டேய், கியூபா போட்டிருக்கீங்க? மனுஷனுக்கு?"

கீழேயிருந்து அடுத்த சட்டி வந்தது. அவள் வாங்கவில்லை. கொடுத்தவள் கையில் பாரத்தோடு திகைத்து நின்றாள். மேஸ்திரி பொண்டாட்டியோ தன் காலடியில் கிடந்த காலிச் சட்டியைக் கவிழ்த்துச் சாரத்தின் மூலையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அந்த மூலை அடைபட்டால் மேலே போக வேறு வழி இல்லை.

சட்டிகள் வரிசையாக நின்றன. மிக்சர் மட்டும் ஒன்றும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு? என்ன அங்க?" மேஸ்திரி தளத்தின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். "ஏய், எழுந்திரு. மயக்கமா? யாராவது அந்த இடத்துல நில்லுங்க."

"மயக்கம் இல்ல. எறங்கி வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பவா? பைத்தியமா பிடிச்சிருக்கு? பாதித் தளம் கெடக்கு."

"கெடக்கட்டும்."

"காய்ஞ்சுடும்டி!"

"காயட்டும். ஒடைச்சுட்டு வேற போடுங்க. உங்களை ஒடைச்சுட்டு வேற ஒண்ணு போட முடியுமா எனக்கு?"

இன்ஜினியர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தார். "என்னம்மா இது? வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கோங்க. மழை வருது, பாருங்க."

"சார், நீங்க போன் பேசுங்க. உங்களுக்கு அதான் நல்லா வருது" என்றாள். அவர் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி சாரத்தில் பாதி இறங்கி வந்தான். கையில் மட்டப்பலகை. குரலைத் தாழ்த்தினான். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காத. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க."

"பண்ணினேன். ரத்தத்துல புற்றுநோய்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு பண்ணினேன். இப்போ சொல்லிட்டேன். போதுமா? கேட்டுக்கோங்க எல்லாரும். உங்க மேஸ்திரிக்கு ரத்தத்துல புற்றுநோய். ரெண்டு வருஷமா. அது இப்ப எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்க்கணும்னு டாக்டரம்மா ரத்தம் கேட்டாங்க. இவரு தம்பி ரத்தத்தைக் குடுத்துட்டு எனக்கு ரிப்போர்ட்டைக் காட்டினாரு. நானும் நம்பிட்டு ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினேன்."

நீங்க என்பது எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"இத்தனை வருஷமா கியூப் போட்டுப் போட்டு, உன் உடம்பும் எவனோ வந்து அழுத்திப் பார்த்துட்டுப் போற கட்டின்னு நினைச்சுட்டியா? கியூப் பாஸாகும்யா. எறங்கறது தளம். அந்தத் தளத்துக்குக் கீழ நிக்கிறவ நான்."

மெஷின்காரன் மிக்சரை அணைத்தான். அந்தச் சத்தம் நின்றதும்தான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது.

மேஸ்திரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இவ பேச்சைக் கேட்டுட்டு..."

"நிறுத்து தம்பி" என்றாள் பெரியக்கா. "எங்களுக்கு என்ன கண்ணு பொட்டையா? முன்னாடியெல்லாம் கையில டீ கிளாஸோட ஏணி ஏறுவ. இப்போ மூணு எடத்துல நின்னு மூச்சு வாங்குற. கொண்டுவர்ற சோத்துல பாதியை நாய்க்குப் போடுற. நாய் கொழுத்துப் போச்சு. நாங்க என்ன நோய்னு தெரியாமத்தான் இருந்தோம், நோய் இருக்குன்னு தெரியாம இல்ல."

"அப்போ ஏன் யாரும் கேட்கல?"

"கேட்டா நீ கத்துவ. கத்துறதுக்கும் உனக்கு மூச்சு பத்தலை, பாவம்னு விட்டோம்."

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி மட்டப்பலகையைப் பார்த்தான், மேலே பளபளவென்று ஈரம் மின்னிக்கொண்டிருந்த பாதித் தளத்தைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான்.

"ஒரு ரெண்டு மணி நேரம். முடிச்சுட்டு வந்துடறேன்" என்றான். இப்போது கெஞ்சல்தான்.

"ரெண்டு மணி நேரத்துல டாக்டரம்மா போயிடுவாங்க. அடுத்த வாரம் உனக்கு இன்னொரு தளம் வரும். அதுக்கு அடுத்த வாரம் இன்னொண்ணு. ஊர்ல தளம் தீராது. நீ தீர்ந்துடுவ." அவள் சட்டியை விட்டு அசையவில்லை. "நீ எறங்குற வரைக்கும் இங்கேருந்து ஒரு சட்டி மேல போகாது. முடிவு உன்னுது."

அவன் நின்றான். கீழே சட்டிகளில் காங்கிரீட் இறுக ஆரம்பித்திருந்தது. அது இறுகுவதை அவன் பார்க்காமலே அறிவான். தன் உடம்பைப் பற்றி எது சொன்னாலும் தாங்கியிருப்பான். கண் முன்னால் ஒரு தளம் கெடுவதை அவனால் தாங்க முடியவில்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தாள்.

மட்டப்பலகையைச் சின்னவனிடம் நீட்டினான். "ஓரத்துல ஒரு விரல் சரிவு விடு. தண்ணி நிக்கக் கூடாது. விட்டுட்டேன்னா கொன்னுடுவேன்."

"சரிண்ணே."

"உனக்குக் காது ஏன் இப்படிச் சிவக்குது? பொய் சொல்லத் தெரியாதவனைக் கூட்டிட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் எழுந்து, சட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் இறங்கினாள். கீழே வந்ததும் மெஷின்காரன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான்.

"மேஸ்திரி, தப்பா நெனைக்காதீங்க. தளத்தை நடுவுல விட்டு எறங்கினா..."

"தெரியும்டா. நான் போட்ட சட்டம்தான்."

கூட்டத்தில் ஒருவன் நடுவில் இறங்கினால் அவன் பாரம் மற்றவர்கள் தலையில் ஏறும். அதனால் இறங்கியவன், விட்டுப்போன வேலையை இன்னொரு தளத்தில் ஏறி, கூலி வாங்காமல் செய்து கழிக்க வேண்டும். பிரசவ வலி வந்து இறங்கியவள்கூடப் பிள்ளை பால் மறந்த பிறகு வந்து கழித்திருக்கிறாள்.

"எனக்கு அரை நாள், இவளுக்கு அரை நாள். எழுதி வச்சுக்க வேணாம், என் மண்டையில இருக்கு."

"முதல்ல மண்டை இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு வா" என்றாள் பெரியக்கா. மிக்சர் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. சாரத்தின் மூலையில் பெரியக்காவே போய் நின்றுகொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் நடந்த இடமெல்லாம் வெள்ளைக் கால் தடம் விழுந்தது. துடைக்கிறவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள். கடைசி ஆளாக உள்ளே போனார்கள். டாக்டரம்மா பையை மூடிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். புரட்டி மறுபடி பார்த்தார்.

"அது இவரோட ரத்தம் இல்ல டாக்டரம்மா" என்றாள் அவள், அவர் கேட்பதற்கு முன்னால். "இவரு தம்பியோடது. திட்டறதுன்னா திட்டிடுங்க. திட்டிட்டு நெஜ ரத்தத்தை எடுத்துக்கோங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் குடுக்கிற காப்ஸ்யூலை ரெண்டு வருஷம் சாப்பிட்டவருக்குச் சிவப்பணு பெருசாகியிருக்கும். இதுல எல்லாம் மருந்தே சாப்பிடாத ஆள் ரத்தம் மாதிரி இருக்கு. நீங்க சொல்லாட்டியும் சந்தேகம் வந்திருக்கும். ஆனா இந்த ரிப்போர்ட்டை நம்பி நான் மருந்தை மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சீங்களா?"

மேஸ்திரி சுவரைப் பார்த்தான். ஊசி இன்னும் வரவில்லை, அதற்குள்ளேயே.

அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். விலாவுக்குக் கீழே டாக்டரம்மா கை வைத்து அழுத்தினார். தொப்புள் பக்கம் வரைக்கும் கை போனது. மண்ணீரல் வீங்கி வயிற்றை நெருக்குகிறது, அதனால்தான் நாலு வாயில் வயிறு நிறைகிறது என்றார். மருந்துக்கடை வாயு மாத்திரை எத்தனை தின்றிருக்கிறான் என்று கேட்டார். அவன் சொன்ன பதிலைக் கேட்டு நர்ஸம்மா சிரித்தேவிட்டார். ரிப்போர்ட் வரும் வரைக்கும் டாக்டரம்மா கிளம்பாமல் இருந்தார். வந்தது. மோனோசைட் இருபத்திரண்டு. சிவப்பணுவோ, ஒரு காலத்தில் அளவு மீறி நின்றது, இப்போது குறைவில் கிடந்தது.

"அப்போ எத்தனை நாள் டாக்டரம்மா?" என்றான் மேஸ்திரி. முதல் தடவையாக நேராகப் பார்த்துக் கேட்டான்.

"இந்த நம்பர் நாள் சொல்லாது. பாதை மாறுதுன்னு மட்டும் சொல்லும். இப்படி ஏறி நிக்கிறவங்களுக்கு நோய் வேகமெடுக்கிறது கொஞ்சம் அதிகம். அதனால அடிக்கடி பார்க்கணும், மருந்தை மாத்தணும், முன்கூட்டியே தெரிஞ்சா செய்றதுக்கு வழி இருக்கும். ஒளிச்சு வச்சா ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி. எலும்புல ஊசின்னீங்களே. இன்னைக்கே போடுங்க. இவ மறுபடி எங்கயாவது போய் உட்கார்ந்துடுவா."

குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பில் மரத்துப்போகிற ஊசி போட்டு, பிறகு கனமான ஊசியைத் திருகி இறக்கினார்கள். அவன் கத்தவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவளிடம், "ஏய், டிரில்லு போடுறாங்கடி, செவுத்துக்குக் கூட இவ்ளோ மெல்லப் போட மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஊசி வெளியே வரும் வரைக்கும் நிறுத்தவில்லை. வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. சின்னவன் போன் பண்ணினான். தளம் முடிந்துவிட்டது, மேலே தார்ப்பாய் போட்டாயிற்று, ஓரத்தில் ஒரு விரல் சரிவு விட்டாயிற்று. மேஸ்திரி போனை வைத்துவிட்டு, பஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஒரு விரல்னா எவன் விரலோ" என்றான்.

மஜ்ஜையில் நார் கட்ட ஆரம்பித்திருக்கிறது என்று பரிசோதனையில் வந்தது. ஆரம்பம்தான், முற்றவில்லை. பழைய காப்ஸ்யூலை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை எழுதினார்கள். மண்ணீரல் மெல்ல மெல்லச் சுருங்கியது. நாலு வாய் எட்டானது, எட்டு ஒரு தட்டானது. ஒரு நாள் அவன் பானையை வழித்துவிட்டு அடுப்பைப் பார்த்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோனோசைட் முழுக்க இறங்கவில்லை. இறங்கும், ஏறும். மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கும்போது அவளும் கூடவே லேபுக்குள் போய், ஊசி யார் கையில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

காண்ட்ராக்டர் கேள்விப்பட்டு வந்தான், வேறு மேஸ்திரி ஒருவனைக் கூட்டிக்கொண்டு. பெரியக்கா தன் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். மெஷின்காரன் மிக்சரை அணைத்தான். வந்தவன் வந்த வண்டியிலேயே போனான். இப்போது மேஸ்திரி கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்துகிறான். சின்னவன் மட்டப்பலகை பிடிக்கிறான். ரத்தத்தில் இன்னும் சிவப்பணு ஏற வேண்டும், அதுவரைக்கும் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

அவள் தன் அரை நாளை அடுத்த தளத்திலேயே கூலியில்லாமல் ஏறிக் கழித்துவிட்டாள். இறங்கியதும், "இவரோடதையும் நானே சேர்த்துக் கழிச்சுடறேன்" என்றாள்.

நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. "என் கணக்குல எவளும் கை வைக்கக் கூடாது. நான் ஏறித்தான் கழிப்பேன். அதைக் கழிக்காம எங்கயும் போறதா இல்ல, எவன் கூப்பிட்டாலும் சரி."

"யாரும் கூப்பிடல, கத்தாத. மூச்சு வாங்கும்" என்றாள் பெரியக்கா.

"வாங்கட்டும். என் மூச்சு, நான் வாங்குறேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ தளம் போட்டாயிற்று. கூட்டத்துக்கு மேஸ்திரி தர வேண்டிய அரை நாள் தள வேலை இன்னும் பாக்கி.